எல்லாத் தெருவும் ஒரே மாதிரி

அத்தியாயம் பதினான்கு

புதன்கிழமை மாலைப் பேப்பரில் வந்த செய்தி சனிக்கிழமை வரை அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

சின்னப் பெட்டிச் செய்தி. உள்ளங்கையால் மூடிவிடலாம். கடற்கரை வாசகர் பேரவை எங்கள் தெரு என்ற தலைப்பில் நடத்திய மாணவர் கட்டுரைப் போட்டியில், உழவர்கரைப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த கட்டுரைகள் அனைத்தும் தள்ளுபடி செய்யப்பட்டன. அவை ஆசிரியரே எழுதிக்கொடுத்தவை என்று நடுவர் குழு கண்டறிந்தது. அவ்வளவுதான்.

பள்ளியின் பெயரைப் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. உழவர்கரையிலிருந்து போட்டிக்குப் போனது ஒரே பள்ளி. அங்கே ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள் ஒருத்தி. தையல்நாயகி.

அவள் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. கட்டுரைகளைப் படிக்கக்கூட இல்லை. படித்தால் கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பிள்ளைகள் எழுதி முடித்ததும் அவர்கள் கண்ணெதிரே உறையில் போட்டு ஒட்டி அனுப்பினாள். மகள் கவிநிலாவும் அதே வகுப்புதான். அவள் எழுதியதையும் பார்க்கவில்லை.

இதைச் சொன்னபோது ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்பவில்லை. படிக்காமல் எந்த டீச்சர் அனுப்புவார் என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

சனிக்கிழமை காலை கிருஷ்ணசாமியின் ஆம்னி வேன் வாசலில் நின்றது. தையல்நாயகியின் கணவர் இராமதாஸுக்கு அவர் அக்கா புருஷன். தையல்நாயகிக்குத் தாளாளர். அந்தப் பள்ளியை வாடகை வீட்டில் தொடங்கி மூன்று மாடியாக்கியவர். கூட அஞ்சலாட்சியும் இறங்கினாள். இராமதாஸின் அக்கா.

கிருஷ்ணசாமி உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னார். பேரவைக்காரர்களிடம் பேசிவிட்டார். இன்று சாயங்காலம் தையல்நாயகி அங்கே வர வேண்டும். பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் கொஞ்சம் உதவி செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் இன்னொரு பெட்டிச் செய்தி போடுவார்கள். பிரச்சினை முடிந்துவிடும். அட்மிஷன் நேரத்தில் இதற்கு மேல் இழுக்க முடியாது.

“நான் எழுதிக் குடுக்கலண்ணே” என்றாள் தையல்நாயகி.

“குடுத்தியா இல்லியான்னு யாரும்மா கேட்டா? ஒரு ஆள் கேக்கல. முடிஞ்சிதா இல்லியான்னுதான் கேக்கறாங்க.”

அஞ்சலாட்சி காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஊருல இருக்கற டீச்சருங்க எல்லாம் எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கிறாளுங்க. அவளுங்களைப் பத்திப் பேப்பர்ல வரல. நீ ஒண்ணுமே எழுதிக் குடுக்கலேங்கற. உன்னைப் பத்தித்தான் வருது. என்ன பாடம்தான் எடுத்த தையலு?”

அவள் குத்தலாகச் சொன்னாள். ஆனால் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிந்தது.

அந்தப் பள்ளியில் கட்டுரை கரும்பலகையில் வரும். டீச்சர் எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். வீட்டில் மனப்பாடம் செய்வார்கள். பரீட்சையில் ஒரு சொல் மாறாமல் திரும்பக் கொடுப்பார்கள். மாறினால் மார்க் குறையும். முதல் வகுப்பிலிருந்து இதுதான். இதற்குக் கால அட்டவணையில் எழுத்துப் பயிற்சி என்று பெயர்.

இந்த வருடம் தையல்நாயகி அதை நிறுத்தினாள். உங்கள் தெருவைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்றாள். எழுதினார்கள். எங்கள் தெரு அழகானது. எங்கள் தெரு நீளமானது. எங்கள் தெருவில் ஒரு கோயில் உள்ளது. எங்கள் தெருவில் ஒரு கடை உள்ளது. வகுப்பு முழுக்க இப்படி.

ஒருவரை எழுந்து சத்தமாகப் படிக்கச் சொன்னாள். மற்றவர்கள் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் மேசையைத் தட்ட வேண்டும். தட்டல் ஒரே இடைவெளியில் விழுந்தது. ஆணி அடிக்கிற சத்தம். பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள். இப்படி ஒருத்தர் வந்து உங்களிடம் பேசினால் உட்கார்ந்து கேட்பீர்களா என்று கேட்டாள். ஓடிவிடுவோம் மிஸ் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்கியது. இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கு. நீளமாகப் போவதை உடை. எல்லா வரியும் எங்கள் தெரு என்று ஏன் தொடங்க வேண்டும்? கடையிலிருந்து தொடங்கு. நாயிலிருந்து தொடங்கு. தோன்றினால் கேள்வி கேள். பிள்ளைகள் எழுதினார்கள், அடித்தார்கள், மாற்றினார்கள், மறுபடி தட்டிப் பார்த்தார்கள். மேசைச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. கிருஷ்ணசாமி கூப்பிட்டு விசாரித்தார். அவள் விடவில்லை. வருடம் முழுக்க இதைச் செய்தாள்.

இதற்குத்தான் பேப்பரில் பெட்டி கட்டிப் போட்டார்கள்.

உள்ளறையில் கவிநிலா தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலோடு கதவருகே வந்து நின்றாள்.

“நாங்கதான் எழுதினோம் மாமா.”

கிருஷ்ணசாமி அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை.

இராமதாஸ் சேதராப்பட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் பகல் ஷிப்ட். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தபடி, வாயால் சொல்வதுதானே, சொல்லிவிட்டு வந்துவிடேன் என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

தையல்நாயகி அவரைப் பார்த்தாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் அவரையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். கூட வேலை செய்தவன்மேல் பழி போடுகிற வார்த்தை. அவர் சொல்லவில்லை. வேலை போயிற்று. அந்தக் கதையை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவளும் இப்போது எடுக்கவில்லை. இராமதாஸ் அவள் பார்வையைத் தவிர்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சாயங்காலம் வருவதாகச் சொன்னாள் தையல்நாயகி. என்ன சொல்வது என்பதை அங்கே வந்து முடிவு செய்வதாகச் சொன்னாள்.

கிருஷ்ணசாமி எழுந்தார்.

“ஜூன்ல எனக்குத் தமிழுக்கு ஒரு டீச்சர் வேணும். அது நீயா இருக்கணும்னுதான் நானும் பார்க்கறேன்.”

*

பேரவையின் அலுவலகம் மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் வாடகைக் கடை. சனிக்கிழமை என்பதால் வெளியூர்க்காரர்கள் சைக்கிளுக்காகப் படிக்கட்டு வரை நின்றிருந்தார்கள். கிருஷ்ணசாமி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். அஞ்சலாட்சி கடைசியாக ஏறினாள். தானும் வருவேன் என்று அவளே சொல்லி வந்திருந்தாள்.

மேலே இரண்டு பேர் இருந்தார்கள். நடுவர் குழுவின் தலைவி செல்வாம்பாள். கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவியாக இருந்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் பிரேம்குமார். மாலைப் பேப்பரில் எழுதுகிறவர். அந்தப் பெட்டிச் செய்தி அவருடையது.

கிருஷ்ணசாமி நின்றபடியே பேச ஆரம்பித்தார். ஆர்வக் கோளாறு என்றார். நல்ல டீச்சர்தான் என்றார். குடும்பத்துப் பெண் என்றார். தையல்நாயகி அவரை முடிக்க விடவில்லை.

“நான் எழுதிக் குடுக்கலம்மா. எதைப் பார்த்து அப்படி முடிவு பண்ணீங்கன்னு காட்டுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

கிருஷ்ணசாமியின் முகம் மாறியது. செல்வாம்பாள் அலமாரியிலிருந்து கட்டுரைக் கட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். நாற்காலியைக் காட்டினார்.

“படிங்க. வரிசையா படிங்க.”

முதல் தாளை எடுத்தாள்.

தண்ணீர் நின்றது. குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வேலைக்கு நேரமாகிறதென்று முனகிக்கொண்டிருந்த பெண்கள், ஆளுக்கொரு பக்கம் திரும்பித் தங்கள் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாளைக்கு வருமா?

நன்றாக இருந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்ததை எடுத்தாள்.

கரண்ட் போனது. டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும், முகத்தில் வேர்வையோடு விசிறியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கொசுவைத் திட்டியபடி தெருவில் உட்கார்ந்தார்கள். எப்போது வரும்?

மூன்றாவது. சைக்கிள் வந்தது. பிறகு நீண்ட ஒரு வாக்கியம். பிறகு, யார் வாங்குவார்கள்? நான்காவது. கதவு திறந்தது. நீண்ட வாக்கியம். யார் அது?

ஐந்தாவது தாளில் அவள் விரல் தானாக மேசையைத் தட்டியது. சின்னது. நீளம். கேள்வி. அடுத்த பத்தி. சின்னது. நீளம். கேள்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு தெரு. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருந்தது.

செல்வாம்பாள் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்நாயகிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஐப்பசியில் மழை கொட்டிய ஒரு நாள். வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்ததை எழுதிப் பார்ப்போமா என்று கேட்டு, கரும்பலகையில் ஒரு பத்தி எழுதினாள். மழை நின்றது. கூரைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண், குடம் நிறைந்ததையும் மறந்து, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். இனியும் வருமா?

ஒரு எடுத்துக்காட்டு. அவ்வளவுதான். இப்படியும் எழுதலாம் என்பதற்கு. அன்றைக்கு வராதவர்கள் மறுநாள் மற்றவர்களிடம் வாங்கி எழுதிக்கொண்டார்கள். அதை அவள் பார்த்தாள். நல்லது என்று நினைத்தாள்.

கரும்பலகையில் இருப்பது பரீட்சையில் வரும். முதல் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது. அவள் வருடம் முழுக்க மேசையைத் தட்ட வைத்துச் சொன்னதெல்லாம் பேச்சு. கரும்பலகையில் அவள் எழுதியது ஒரே ஒரு பத்தி. அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

“இதைப் பாருங்க” என்றார் பிரேம்குமார். ஒரு தாளை உருவி மேலே வைத்தார். “பிள்ளைச்சாவடிப் பொண்ணு. தகரக் கொட்டகையில இருக்குது. இது எழுதற எழுத்தா இது?”

அது வேம்புவின் தாள். சுனாமிக்குப் பிறகு அவள் குடும்பம் கொட்டகையில்தான் இருந்தது. பள்ளியில் அவளைச் சேர்த்து ஃபீஸ் கட்டுவது ஒரு தொண்டு நிறுவனம். கடைசி பெஞ்சில் உட்காருவாள். கூப்பிட்டால்தான் பேசுவாள்.

தெரு இல்லை. கடல் வந்து போன பிறகு, எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் படகை இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு இருந்த மணலை, அதுதான் எங்கள் தெரு என்று நான் சொன்னால், ஸ்கூலில் சிரிக்கிறார்கள். எதைக் காட்டுவது?

தையல்நாயகி இரண்டு முறை படித்தாள். சின்னது, நீளம், கேள்வி. அதே மூன்று வரி. வேம்பு அந்த அச்சில் ஊற்றினாளா, அல்லது அவளுக்கு அப்படித்தான் வந்ததா? அவளால் சொல்ல முடியவில்லை. அது அவளுக்குக் கோபத்தைத் தந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். எதிரில் இருந்தவர்மேல் திரும்பியது.

“அந்தப் பொண்ணோட வீடு போனதை அந்தப் பொண்ணு எழுதாம நீங்களா எழுதுவீங்க?”

பிரேம்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்வாம்பாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எல்லாம் ஒரே அளவா இருக்கே. உங்களுக்கே தெரியுது இல்லையா?”

“தெரியுதும்மா.”

“அப்போ?”

“நான் சொல்லிக் குடுத்தேன். எழுதிக் குடுக்கல.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

கிருஷ்ணசாமி தொண்டையைச் செருமினார். தையல்நாயகி வேம்புவின் தாளைக் கட்டின்மேல் வைத்தாள்.

“எழுதிக் குடுத்திருந்தா பேப்பரோட போயிருக்கும். இது பிள்ளைங்களுக்குள்ள போயிடுச்சு. இது அதைவிட மோசம். ஆனா இதுக்குப் பேரு திருட்டு இல்லம்மா. போர்டுல இருந்ததை அப்படியே எழுதினாத்தான் மார்க்குன்னு எட்டு வருஷமா நாமதான் சொல்லியிருக்கோம். நீங்களும் அப்படித்தான் பேப்பர் திருத்தியிருப்பீங்க. நம்ம பேச்சைக் கேட்ட பிள்ளைங்களை நாமளே திருட்டுப் பசங்கன்னு பேப்பர்ல போடுவோமா?”

செல்வாம்பாள் கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“ஒரு பொண்ணு மட்டும் சொந்தமா எழுதியிருக்கு. எழுத்து சுமார்தான். ஆனா நேர்மையா இருக்கு. யாரும் கை வைக்கலைன்னு பார்த்ததுமே தெரியுது. மொத்தக் கட்டையும் தள்ளினதுல இதுவும் போயிடுச்சு. இது உங்க மகள்னு அப்புறம்தான் சொன்னாங்க. ஆச்சரியமா இருந்தது.”

கவிநிலாவின் கையெழுத்து. எங்கள் தெரு அமைதியானது. எங்கள் தெரு சுத்தமானது. எங்கள் தெருவில் மரங்கள் உள்ளன. எங்கள் தெருவில் வீடுகள் உள்ளன. ஒரு பக்கம் முழுக்க அப்படியே. தட்டிப் பார்க்கவே தேவையில்லை.

இந்தப் பெண் ஆறாம் வகுப்பிலேயே பாட்டியின் சாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதை அம்மாவிடம் காட்டிவிட்டுக் கிழித்துப் போட்டவள். அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இன்னொரு வரி மாதிரி இல்லை. இவளுக்கு இப்படி எழுத வராது. வராததை உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அதைத்தான் நேர்மை என்கிறார்கள்.

அந்தத் தாளைக் கட்டோடு சேர்த்து வைத்தாள் தையல்நாயகி. மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றாள். பிள்ளைகளை இங்கே வரவழைத்து உட்கார வையுங்கள், தலைப்பு நீங்களே கொடுங்கள், உங்கள் கண் முன்னால் எழுதட்டும் என்றாள்.

கிருஷ்ணசாமி வேண்டாம் என்றார். முடிகிற விஷயத்தை ஏன் வளர்க்க வேண்டும் என்று பிரேம்குமாரும் சொன்னார். செல்வாம்பாள் யோசித்தார். பிறகு சம்மதித்தார். திங்கட்கிழமை காலை. பள்ளி வேண்டாம், இதே மாடியில். என்ன தெரிய வந்தாலும் அது பேப்பரில் வரும். ஒரே ஒரு நிபந்தனை. அதுவரை எழுதுவதைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் தையல்நாயகி எதுவும் பேசக்கூடாது.

“ஒரே ஒரு நிமிஷம் குடுங்கம்மா. போர்டுல இருந்ததை மறந்துடுங்கன்னு மட்டும் சொல்லிடறேன். உங்க எதிர்லயே சொல்றேன்.”

“நீங்க ஒரு நிமிஷம் பேசினா, அந்த ஒரு நிமிஷம்தான் திங்கட்கிழமை தாள்ல வரும். இவ்வளவு நேரம் நீங்க சொன்னதே அதைத்தானே?”

அவள் சொன்னதைத்தான் அந்த அம்மாள் அவளுக்கே திருப்பிக் கொடுத்தார்.

பிரேம்குமார், இவர்கள் மகள் அதே வகுப்பாயிற்றே, வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று யார் பார்ப்பது என்று கேட்டார். மகளை விட்டுவிடலாம் என்றார். கவிநிலா எழுதாமல் நின்றால் மீதிப் பேருக்கு எழுதிக்கொடுத்தது உண்மை என்று ஊர் பேசும். தையல்நாயகி அதைச் சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பொண்ணு என் வீட்டுல இருக்கட்டும்” என்றாள் அஞ்சலாட்சி. “இப்பவே கூட்டிக்கினு போறேன். திங்கக்கிழமை காலையில நானே கொண்டாந்து விடறேன்.”

செல்வாம்பாள் தையல்நாயகியைப் பார்த்தார்.

“வாக்குக் குடுக்கறேன்” என்றாள் அவள்.

படிக்கட்டில் இறங்கும்போதே கிருஷ்ணசாமி செல்போனை எடுத்தார். பள்ளி கிளார்க்கைப் பிடித்து, எல்லாப் பெற்றோருக்கும் இப்போதே தகவல் போக வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டு, ஒரு மன்னிப்பில் முடிந்திருக்க வேண்டியதைத் திங்கட்கிழமை ஊரே வேடிக்கை பார்க்கப் போகிறது என்றார். அஞ்சலாட்சி அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள். பிறகு தையல்நாயகியின் பக்கம் திரும்பினாள்.

“நல்லாத்தான் பேசின. ஆனா வாக்குன்னா வாக்கு தையலு. நீ ஒரு எழுத்து சொன்னாலும் நானே போயி அந்தம்மாகிட்ட சொல்லிடுவேன்.”

*

வீட்டுக்கு வந்தபோது கவிநிலாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டது. கூடப் படிக்கிறவர்களும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்றதும் ஏன் என்றுகூடக் கேட்காமல் பையை எடுத்தாள்.

தையல்நாயகி துணிகளை மடித்துக் கொடுத்தாள். அஞ்சலாட்சி அறை வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, இருக்கட்டும் என்றாள்.

“என்னுதைப் படிச்சியாம்மா?” என்றாள் கவிநிலா.

தையல்நாயகி மடித்துக்கொண்டிருந்த தாவணியின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்தாள்.

“கேவலமா இருந்துச்சில்ல. வேணும்னுதான் அப்படி எழுதினேன். நல்லா எழுதினா உங்கம்மா எழுதிக் குடுத்ததுன்னுவாங்க. ஆறாவதுலேர்ந்து சொல்றாங்க. உன்கிட்ட சொன்னதில்ல. மக்கு மாதிரி எழுதினா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

சொல்வதற்குத் தையல்நாயகியிடம் நிறைய இருந்தது. மூன்று வருடமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தாயா என்று கேட்க வேண்டும். அப்படிச் சொன்னவர்கள் யார் என்று கேட்க வேண்டும். எதைக் கேட்டாலும் அது எழுதுவதைப் பற்றிய பேச்சாகிவிடும். அஞ்சலாட்சி அசையாமல் நின்றாள்.

“ரெண்டு செட்டு போதுமா?” என்று கேட்டாள் தையல்நாயகி.

“போதும்.” கவிநிலா பையின் ஜிப்பை இழுத்தாள். “திங்கக்கிழமை அப்படி எழுத மாட்டேம்மா. பேசி வெச்சிட்டோம். நீ அன்னிக்கி போர்டுல போட்ட மாதிரியே எல்லாரும் எழுதப் போறோம். தலைப்பு என்னவா இருந்தாலும். நீ சொல்லிக் குடுத்தது நல்லா பதிஞ்சிருக்குன்னு அவங்க பார்க்கட்டும். நானும் அப்படியே எழுதறேன். உன்னை விட்டுக் குடுக்க மாட்டோம்.”

அவள் முகம் சிவந்திருந்தது. அம்மாவின் கோபம் அப்படியே அந்த முகத்தில் இருந்தது.

தையல்நாயகி மகளின் தோளைப் பிடித்தாள். பிடி இறுகியது. கவிநிலா அம்மாவைப் பார்த்தாள். அது பாராட்டு என்று நினைத்தாள். சிரித்தாள்.

“நேரமாவுது” என்றாள் அஞ்சலாட்சி.

வெளியே கிருஷ்ணசாமி ஹாரன் அடித்தார். வேன் திரும்பித் தெருமுனை தாண்டும் வரை தையல்நாயகி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். இப்போது திங்கட்கிழமை அந்த மாடியில் வகுப்பு முழுவதும் உட்கார்ந்து, யாரும் எழுதிக்கொடுக்காமலே, ஒரே கட்டுரையை எழுதும். அவள்மேல் இருக்கிற அன்பில் எழுதும். செல்வாம்பாள் அதைப் படிப்பார். பிரேம்குமார் பெட்டி கட்டுவார். இந்த முறை பெயரும் போடுவார்.

உள்ளே போன் அடித்தது. இராமதாஸ் ஷிப்ட் முடிந்து கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடினாள்.

“மிஸ், வேம்பு பேசறேன். கடையிலேர்ந்து, ஒத்த ரூவா போன்ல.”

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. யாரோ யாரையோ சாமான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேம்பு வேகமாகப் பேசினாள். வகுப்பில் இவ்வளவு வேகமாக அவள் பேசித் தையல்நாயகி கேட்டதில்லை. கவியிடம் முன்பே பேசிவிட்டாளாம். எல்லாரும் அப்படியே எழுதுவதென்று முடிவாம். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகமாம்.

“முதல் வரி சின்னது. அப்புறம் பெருசு. அப்புறம் கேள்வி. சரிதானே மிஸ்? எனக்குச் சில நேரம் வேற மாதிரி வருது. வந்தாலும் அதை விட்டுட்டு இப்படியே எழுதிடணும் இல்ல?”

தையல்நாயகி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள். வீட்டில் யாரும் இல்லை. அஞ்சலாட்சி இல்லை. கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

“நான் திங்கக்கிழமை வரைக்கும் இதைப் பத்திப் பேசக்கூடாது வேம்பு. வாக்குக் குடுத்திருக்கேன்.”

அந்தப் பக்கம் பஸ் கிளம்பிப் போனது மட்டும் கேட்டது.

“அப்போ நாங்க எழுதினது தப்பா மிஸ்?”

நேரம் முடியப் போகிறது என்று போனில் மணி ஒலித்தது.

“வேம்பு” என்றாள்.

லைன் அறுந்தது.

அவள் ரிசீவரை வைக்கவில்லை. இல்லை என்றால் பொய். ஆமாம் என்றாலும் பொய். பிள்ளைச்சாவடியில் அந்தப் பெண் இந்நேரம் கடை வாசலிலிருந்து இறங்கி, சொல்லாத பதிலை எடுத்துக்கொண்டு, கொட்டகைக்கு நடந்துகொண்டிருப்பாள்.